முடிவில்லாத விளையாட்டுக்கு முடிவு வந்த கதை

புலம்பெயர்ந்து வாழும் எங்கள் வீடுகளில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் ஓயாத சண்டை ஒன்று உண்டென்றால் அது வீடியோ கேம் சண்டைதான். "எந்த நேரமும் உதையே நோண்டிக்கொண்டு இருக்கிறாய், உதாலை என்ன பிரயோசனம்?" என்று தாய் கேட்பதும், "இந்தக் கட்டம் முடியட்டும் அம்மா" என்று பிள்ளை சொல்வதும், அந்தக் கட்டம் முடியாமலே சோறு ஆறிப்போவதும் நாங்கள் எல்லோரும் காண்கின்ற காட்சி.

பிள்ளை சொல்கிற அந்த "முடியட்டும்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஆரம்பத்தில் இந்த விளையாட்டுகளுக்கு முடிவே கிடையாது. முடிவு என்ற ஒன்று எப்படி வந்தது, அதை எட்டிப் பிடிக்க விளையாடியவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. உயர்தரத்தோடு நின்று, ஜேர்மனிக்கு வந்து, தொழிற்சாலையில் மூன்று சிவ்ற்றும் மாறி மாறி வேலை செய்கிறவன். பழைய நின்ரெண்டோ பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விளையாட்டாக எடுத்து முடிப்பது சில வருடங்களாக என்னுடைய பொழுதுபோக்கு. இவற்றைச் செய்த கைகள் யாருடையவை என்று தேடிப் படித்தபோது, எங்களுக்கு அந்நியமில்லாத ஆட்கள் அங்கே நின்றார்கள். அதனால்தான் இந்த மலரில் எழுதத் துணிந்தேன்.

அகதிப் பொடியன் செய்த பெட்டி

வீட்டு ரீவியில் விளையாடலாம் என்று முதன்முதல் யோசித்துச் செய்து காட்டியவர் ரால்ஃப் பேர். அவர் பிறந்தது அமெரிக்காவில் அல்ல, நாங்கள் இன்று வாழும் இதே ஜேர்மனியில். 1922ஆம் ஆண்டு பிர்மாசென்ஸ் நகரத்துக்குக் கிட்ட ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை. நாசிகளின் சட்டத்தால் பேர் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1938இல், நவம்பர் மாதத்து யூத எதிர்ப்புக் கலவரத்துக்கு இரண்டு மாதம் முந்தி, குடும்பம் தப்பி நியூயோர்க் போய்ச் சேர்ந்தது. அங்கே அந்தப் பொடியன் பார்த்தது தொழிற்சாலை வேலை. கிழமைக்கு 12 டொலர் சம்பளம். றேடியோ திருத்தும் படிப்புக்கு ஒரு விளம்பரத்தைக் கண்டு அதைப் படித்து, 1940இல் தேர்ச்சி பெற்றார். பிறகு யுத்தத்தில் அமெரிக்கப் படையில் சேவை, அதன்பிறகு தொலைக்காட்சிப் பொறியியல் பட்டம்.

1966ஆம் ஆண்டு செப்ரெம்பரில், வீட்டு ரீவியில் படம் பார்ப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று நாலு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அதிலிருந்து பிறந்தது "பிறவுண் பொக்ஸ்" என்று பெயர் பெற்ற மாதிரிப் பெட்டி. அதுவே 1972இல் மக்னவொக்ஸ் நிறுவனத்தின் "ஒடிசி" என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதில் சத்தம் இல்லை, புள்ளிக் கணக்கும் இல்லை. திரையில் சில வெள்ளைப் பொட்டுகள் மட்டும் அசையும். ரீவிக் கண்ணாடியில் ஒட்டுகிற பிளாஸ்ரிக் தாள்கள்தான் அதற்கு மைதானமும் காடும். யார் வென்றது என்பதை விளையாடுகிற இருவரும் தாங்களே கடதாசியில் எழுதிக் கொள்ள வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதும் அவர்கள் பாடு.

2006இல் அமெரிக்க ஜனாதிபதியின் கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்ற பேர், 2014இல் 92 வயதில் காலமானார். அகதியாகப் போய், தொழிற்சாலையில் நின்று, கிடைத்த நேரத்தில் படித்து முன்னுக்கு வந்த ஒருவரின் பெட்டியிலிருந்துதான் எங்கள் பிள்ளைகளின் கையில் இருக்கும் எல்லாம் தொடங்கியது என்றால் மிகையாகாது.

காசு போட்டால் உயிர்

அதே 1972இல் அற்றாரி நிறுவனம் "பொங்" என்ற விளையாட்டைக் காசு போடும் பெட்டியாகக் கொண்டு வந்தது. இதிலிருந்து வீடியோ விளையாட்டு ஒரு பெரிய வியாபாரமாக மாறியது. இந்த வியாபாரத்தின் கணக்கு லேசானது. ஒரு காசுக்கு ஒருவன் அதிக நேரம் நின்றால் முதலாளிக்கு நட்டம். ஆகவே ஆளைக் கெதியாகச் சாகடிக்க வேண்டும், ஆனால் திரும்பவும் காசு போடத் தூண்டுமளவுக்கு ஆசையையும் காட்ட வேண்டும். இப்படிப்பட்ட விளையாட்டுக்கு முடிவு வைத்து என்ன இலாபம்?

யப்பானில் 1978இல் நிஷிக்காடோ என்பவர் செய்த "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்" இதற்கு நல்ல உதாரணம். வேற்றுக்கிரகத்தார் வரிசையாக இறங்கி வருவார்கள். சுடச்சுட அவர்களின் தொகை குறையும், வேகமோ கூடும். அந்த வேகம் உண்மையில் திட்டமிட்டு வைத்தது அல்ல. ஆட்கள் குறையக் குறைய மெசினுக்கு வரைகிற வேலை குறைந்து, மிச்சமுள்ளவர்களைக் கெதியாக ஓட்டத் தொடங்கிவிட்டது. அதைக் கண்ட நிஷிக்காடோ அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு படையை முழுதாக அழித்தால் அடுத்த படை வரும். அதை அழித்தால் இன்னொன்று. வெற்றி என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை.

1980இல் வந்த "பக்மான்" கூட அப்படித்தான். அதில் 256ஆவது கட்டத்துக்குப் போனவர்கள் கண்டது ஒரு விநோதம். கட்டத்தை எண்ணும் இடத்தில் 0 முதல் 255 வரையான எண்களுக்குத்தான் மெசினில் இடம் இருந்தது. அதைத் தாண்டியதும் கணக்குப் பிழைத்து, திரையின் வலது பாதி எழுத்தும் இலக்கமுமாகச் சிதறிப் போனது. அதற்கு மேல் போக வழியில்லை. செய்தவர்கள் வைக்காத முடிவை மெசின் தானாகவே வைத்துவிட்டது. ஒரு தரமும் சாகாமல், ஒன்றும் தவறவிடாமல் அந்த இடம் வரை போனால் கிடைக்கக்கூடிய ஆகக்கூடிய புள்ளி 33 லட்சத்து 33 ஆயிரத்து 360.

பழுது பார்க்கிறவரின் கை

இனி நின்ரெண்டோவுக்கு வருவோம். கியோட்டோ நகரத்தில் 1889ஆம் ஆண்டு புசாஜிரோ யமாவுச்சி என்பவர் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய கம்பனி அது. எழுபத்தைந்து வருடம் கழித்தும் முக்கியமாகச் சீட்டுத்தான் அடித்துக்கொண்டிருந்தது. 1965இல் அந்தத் தொழிற்சாலையின் மெசின்களைப் பார்த்துப் பராமரிக்கும் வேலைக்கு ஒரு இளைஞர் சேர்ந்தார். பெயர் குன்பெய் யொக்கோயி. மின்னணுப் பட்டம் பெற்றவர்தான். ஆனாலும் கிடைத்தது அந்த வேலை. மெசின் ஒழுங்காக ஓடும்போது பராமரிப்புக்காரனுக்குப் பெரிதாக வேலை இருக்காது என்பது எங்களைப் போலத் தொழிற்சாலையில் நிற்பவர்களுக்குத் தெரியும். யொக்கோயி அந்த நேரத்தில், நீட்டிச் சாமான் பிடிக்கிற ஒரு விளையாட்டுக் கையைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். கம்பனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைக் கண்டுவிட்டார். வேறு முதலாளி என்றால் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும். இவர், அதை விற்பனைக்குச் செய்து தா என்றார். 1966இல் வெளிவந்த அந்த விளையாட்டுக் கை பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையானது.

இந்த யொக்கோயிதான் 1982இல், கையடக்கமான "டொங்கி கொங்" விளையாட்டுக்காக, சிலுவை வடிவத்தில் ஒரு பட்டனைப் பாவித்தவர். மேலே, கீழே, இடம், வலம் என்று இடது கைப் பெருவிரல் ஒன்றாலேயே எல்லாத் திசைக்கும் போகலாம். இன்று எந்தக் கம்பனியின் விளையாட்டுப் பெட்டியை எடுத்தாலும் அந்தச் சிலுவையோ அதன் சாயலோ இருக்கும். பழசாகி மலிந்துபோன சாமானை வைத்துப் புதுவிதமாக யோசிப்பதுதான் அவருடைய கொள்கை. அப்படியே 1989இல் "கேம் போய்" வந்தது. 1997இல் வீதி விபத்தொன்றில் யொக்கோயி காலமானார்.

1983ஆம் ஆண்டு யூலை 15ஆம் திகதி, மசாயுக்கி உயெமுரா வடிவமைத்த "பமிக்கொம்" என்ற வீட்டுப் பெட்டியை நின்ரெண்டோ யப்பானில் வெளியிட்டது. விலை 14,800 யென். அதே வருடம் அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். தரமில்லாத விளையாட்டுகள் கடைகளில் மலைபோலக் குவிந்து, வாங்குவாரில்லாமல் சந்தையே விழுந்து போனது. அற்றாரி விற்காத கசற்றுகளை நியூ மெக்சிக்கோவில் குப்பை மேட்டில் புதைத்தது. வெறும் வதந்தி என்று பலர் நினைத்திருந்த அந்தச் சங்கதி, 2014இல் இடத்தைக் கிண்டிப் பார்த்தபோது உண்மையென்று நிரூபணமானது. இப்படிச் செத்துக் கிடந்த சந்தைக்குள்தான் 1985இல் நியூயோர்க்கிலும், 1986இலிருந்து ஐரோப்பாவிலும் நின்ரெண்டோ பெட்டி வந்து இறங்கியது.

32 கட்டம், 40 கிலோபைற்

வீட்டுப் பெட்டி வந்ததும் கணக்கு மாறிவிட்டது. தகப்பன் ஒரு தரம் காசு கொடுத்துக் கசற் வாங்கினால் அதோடு சரி. இனிப் பிள்ளையைக் கெதியாகச் சாகடித்துக் காசு பறிக்கத் தேவையில்லை. கொடுத்த காசுக்கு ஒரு பயணம் வேண்டும், பயணத்துக்கு ஒரு முடிவு வேண்டும். அந்த முடிவை உலகத்துக்குப் பழக்கியது 1985 செப்ரெம்பர் 13ஆம் திகதி வந்த "சுப்பர் மாரியோ பிறதர்ஸ்" என்று துணிந்து சொல்லலாம். மாரியோவுக்கு முன்னமும் முடிக்கக்கூடிய விளையாட்டுகள் இருந்தன. ஆனால் நாலு கோடிக்கு மேல் விற்ற இது போல வீட்டுக்கு வீடு போனது வேறில்லை.

சிகெரு மியாமொட்டோவும் தக்காஷி தெசுக்காவும் அதை வடிவமைத்தார்கள். இசை கோஜி கொண்டோ. முழு விளையாட்டும் 40 கிலோபைற்றுக்குள். இன்று நாங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது. இடம் போதாததால் செய்த தந்திரங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். வானத்து மேகமும் நிலத்துப் பற்றையும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. எங்கள் அம்மாமார் பழைய சீலையை வெட்டிப் பிள்ளைக்குச் சட்டையும் யன்னலுக்குத் திரையும் தைத்த மாதிரி.

எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், மொத்தம் 32. ஒரு சொல்லும் சொல்லாமல் விளையாட்டுத் தன்னைத் தானே படிப்பிக்கும். தொடங்கியதும் எதிரே ஒரு காளான் பூதம் வருகிறது. சும்மா நின்றால் சாவு. பாய்ந்தால் தலைக்கு மேலே இருக்கும் கல்லில் முட்டி, அதற்குள்ளிருந்து ஏதோ வருகிறது. இரண்டு நிமிசத்தில் முழு இலக்கணமும் பிடிபட்டுவிடும். ஆனால் முடிவு லேசில் கிடைக்காது. ஏழு கோட்டைகளின் முடிவிலும், இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் என்ற செய்திதான் காத்திருக்கும். 4, 7, 8ஆம் உலகங்களின் கோட்டைகளில் சரியான பாதையால் போகாவிட்டால் அதே நடை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம், அதில் சேமித்து வைக்க வழி இல்லை. பெட்டியை நிற்பாட்டினால் எல்லாம் போச்சு, முதலாம் உலகத்திலிருந்து திரும்பவும் தொடங்க வேண்டும். ஆனபடியால் விளையாட்டு எங்கே சேமிக்கப்பட்டது? விளையாடுபவனின் தலைக்குள்ளும் விரலுக்குள்ளும். எந்தக் குழிக்கு எங்கேயிருந்து பாய வேண்டும், எந்தக் கல்லுக்குள் உயிர் இருக்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் ஒருவனுக்கு ஒருவன் சொல்லிக் கொடுப்பது இன்னொரு சேமிப்பு. முதலாம் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில் கூரைக்கு மேலால் ஓடினால் நாலாம் உலகம் வரைக்கும் குறுக்குவழி உண்டு. தோற்ற பிறகு ஏ பட்டனை அமத்திக்கொண்டு ஸ்ராட் பட்டனைத் தட்டினால், கடைசியாகச் செத்த உலகத்தின் முதற் கட்டத்திலிருந்து தொடங்கலாம். இதெல்லாம் வாய்வழியாகவே நாடு நாடாகப் பரவியது.

அந்தக் காலத்து விளையாட்டுகள் ஏன் இவ்வளவு கடினம் என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். காசுப் பெட்டியில் பழகியவர்களே இவற்றையும் செய்தார்கள் என்பது ஒரு காரணம். கசற்றில் இடம் குறைவு, நீளமாகச் செய்ய முடியாது, ஆகவே கடினமாக்கி நீட்டினார்கள் என்பது இன்னொன்று. அதற்கு உச்சம் "கோஸ்ற்ஸ் அன் கொப்ளின்ஸ்". உயிரைக் கொடுத்து முடிவு வரைக்கும் போனால், இதெல்லாம் பிசாசு காட்டிய மாயை, முதலிலிருந்து திரும்பப் போ என்று சொல்லும். இரண்டாந்தரம் முடித்தால்தான் உண்மையான முடிவு. செய்தவர்களுக்கே தங்கள் விளையாட்டு மிஞ்சிப்போன சம்பவமும் உண்டு. கொனாமி கம்பனியின் கசுஹிசா ஹஷிமொட்டோ 1986இல் "கிராடியஸ்" விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும்போது அவராலேயே முடிக்க முடியவில்லை. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அமத்தினால் எல்லா ஆயுதமும் கிடைக்கும்படி தனக்காக ஒரு கள்ளவழி வைத்தார். அதை எடுக்காமலே விளையாட்டு வெளியே போய்விட்டது. அதே வரிசை 1988இல் "கொன்றா"வில் 30 உயிர் கொடுத்தது. உலகம் முழுதும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதைத் தேவாரம் போலப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். ஹஷிமொட்டோ 2020இல் காலமானார்.

விட்ட இடத்திலிருந்து தொடங்குதல்

பெரிய கதை சொல்ல வேண்டுமென்றால் ஒரே இருப்பில் முடிக்க முடியாது. 1986 மே மாதம் யப்பானில் வந்த "டிராகன் குவெஸ்ற்" இதற்கு ஒரு வழி கண்டது. நிறுத்தும்போது விளையாட்டு 20 யப்பானிய எழுத்துகளைக் காட்டும். உயிர்ப்பிக்கும் மந்திரம் என்பது அதன் பெயர். பிள்ளை அதைக் கொப்பியில் எழுதி வைத்து, அடுத்த நாள் அப்படியே அடித்தால் விட்ட இடம் வரும். அடுத்த வருடம் வந்த இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்து வரைக்கும் நீண்டுவிட்டது. உருவத்தில் கிட்டக்கிட்ட இருக்கும் எழுத்துகளில் ஒன்றை மாற்றி எழுதினால் கிழமைக்கணக்கான உழைப்புக் காற்றோடு போகும். "மெற்ரொயிட்" எங்கள் பக்கத்துக் கசற்றில் 24 எழுத்துக் கேட்டது. "மெகாமான் 2" எழுத்தே வேண்டாம் என்று, 25 சதுரங்களில் எங்கெங்கே புள்ளி வைப்பது என்று கோலம் மாதிரிக் காட்டியது.

இதற்கு அடுத்த படி பற்றறி. மியாமொட்டோ சிறுவயதில் கியோட்டோவுக்கு வெளியே சொனோபே என்ற ஊரில் மலையும் குகையுமாகத் திரிந்தவர். அந்த நினைவில் செய்த "செல்டா" 1986 பெப்ரவரியில் யப்பானில் தட்டில் பதியும் முறையில் வந்தது. 1987இல் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தங்க நிறக் கசற்றாக வந்தபோது, அதற்குள் காசு அளவில் ஒரு பற்றறி வைத்து ஒட்டியிருந்தார்கள். பெட்டியை நிற்பாட்டினாலும் அந்தப் பற்றறி சின்ன நினைவகம் ஒன்றை உயிரோடு வைத்திருக்கும். மூன்று பேர் தங்கள் பெயரைப் பதிந்து வைக்கலாம். நிற்பாட்டும்போது மற்றப் பட்டனை அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பதிந்தது அழியக்கூடும். அதையும் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள்.

என்னிடம் இருக்கும் செல்டா கசற் 2019இல் புளோமார்க்ட் ஒன்றில் வாங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், முதல் வரியில் ஏற்கனவே நாலு எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது! பக்கத்தில் ஏழு இதயம், 46 தரம் செத்த கணக்கு. முப்பது வருடத்துக்கு மேலாக அந்தச் சின்னப் பற்றறி யாரோ ஒரு ஜேர்மன் பிள்ளையின் பாதிப் பயணத்தைக் காவல் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இப்போது என்னைவிட வயது கூட இருக்கும். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. என் பெயரை இரண்டாம் வரியில் பதிந்தேன்.

எங்கள் ஊருக்கு வந்த பெட்டி

ஜேர்மன் பிள்ளைகள் இப்படி விளையாடிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனத்துக்கு வீடியோ விளையாட்டு ஏது? எனக்கு 1995 இடப்பெயர்வில் ஏழு வயது. அரிக்கன் லாம்பு வெளிச்சம்தான் எங்கள் பின்னேரம்.

எங்களிடம் பெட்டி வந்தது வேறு பாதையால். பமிக்கொம் பெட்டியைப் பார்த்துத் தாய்வானிலும் சீனாவிலும் மலிவுப் பிரதிகள் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ரஷ்யாவில் அது "டெண்டி", போலந்தில் "பெகாசுஸ்". எங்கள் ஊரில் அதற்குப் பெயரே இல்லை, "ரீவி கேம்" அவ்வளவுதான். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்புச் சாமான்களோடு அதுவும் வந்தது. மஞ்சள் நிறக் கசற்றில் 9,99,999 விளையாட்டு என்று எழுதியிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே ஏழெட்டு விளையாட்டு வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்தான் பெட்டி. ஒரு உயிருக்கு ஒரு ஆள் என்று வரிசை. மாரியோவில் ஐந்தாம் ஆறாம் உலகம் வரை போனால் கரண்ட் போய்விடும், அல்லது அந்த வீட்டு அன்ரி "காணும் பிள்ளையள், வீட்டை போங்கோ" என்பார். கடைசிக் கோட்டையை எங்களில் ஒருத்தரும் காணவில்லை. 2006இல் பாதை பூட்டியது. வரிசையில் நின்ற பெடியளும் பிறகு திசைக்கொன்றாகப் போனார்கள்.

எனக்கு வேலையிடத்தில் பக்கத்து மெசினில் நிற்பவர் ஒரு போலந்துக்காரர். ஒருநாள் இடைவேளையில் இந்தக் கதை வர, அவர் தன் பெகாசுஸ் பெட்டியைப் பற்றிச் சொன்னார். அதே மஞ்சள் கசற், அதே பொய் எண்ணிக்கை. நான் அரைகுறை ஜேர்மனில் மேல் மேல் கீழ் கீழ் என்று தொடங்க, அவர் மிச்சத்தை முடித்தார். நின்ரெண்டோ என்ற பெயரையே அந்த வயதில் கேள்விப்படாத இரண்டு பேர் நாங்கள்.

முடித்துப் பார்த்தல்

2020 வசந்தத்தில் கொரோனாவால் வேலை அரைவாசியானபோது, அந்தப் பெட்டியை எடுத்து வைத்தேன். வீதியோரத்தில் எறிந்து கிடந்த பழைய பெட்டி ரீவி ஒன்றும் கிடைத்தது. குறுக்குவழி எடுப்பதில்லை என்று முடிவு செய்து, 32 கட்டமும் நடந்தே போனேன். முழுதாக முடிக்க மூன்று கிழமை எடுத்தது. எந்தக் கோட்டையில் எந்தப் பாதை என்பதைக் கொப்பியில் எழுதி வைத்தேன். கடைசியில் இளவரசி நன்றி சொல்லிவிட்டு, இனிக் கொஞ்சம் கடினமான இன்னொரு பயணம் இருக்கிறது என்று அழைக்கிறாள். அவ்வளவுதான், வேறு வாணவேடிக்கை ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். எங்கள் ஒழுங்கை வரிசையில் நின்றவர்களில் இருவர் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, கடைசிக் கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு, எனக்கு இப்போது விடை தெரியும்.

செல்டாவை என் மகளோடு சேர்ந்து முடித்தேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. கணக்குக் கொப்பிச் சதுரத்தில் அவள் வரைபடம் கீறுவாள். "அப்பா, அந்தப் பத்தையை எரிச்சுப் பாத்தனீங்களோ?" என்று நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முதலே கேட்பாள். மெழுகுதிரியால் பற்றையை எரித்தால் சில இடங்களில் படிக்கட்டு வரும் என்பது அவள் கண்டுபிடித்தது. அவள் எனக்கு ஜேர்மன் உச்சரிப்புத் திருத்துவாள், நான் அவளுக்குத் தமிழில் எழுதச் சொல்லுவேன். அந்த வரைபடத்தில் "குகை", "ஆறு", "கிழவன்", "எரித்தது" என்ற சொற்கள் அவள் கையெழுத்தில் இருக்கின்றன.

முடியாது என்று வைத்த விளையாட்டுக்கும் ஒரு நாள் முடிவு வந்தது. மொஸ்கோவில் 1984இல் அலெக்சி பஜித்னொவ் செய்த "ரெற்றிஸ்" விளையாட்டுக்கு 1989இல் நின்ரெண்டோப் பெட்டியில் ஒரு பதிப்பு வந்தது. 29ஆவது கட்டத்தில் கட்டைகள் விழும் வேகத்தைப் பார்த்து, இதற்கு மேல் மனிசரால் முடியாது என்று பல வருடம் நம்பியிருந்தார்கள். பிறகு வந்த பிள்ளைகள் பெட்டிக் கையைப் பிடிக்கும் விதத்தையே மாற்றி, பின்பக்கத்தில் விரல்களை உருட்டித் தட்டும் முறையைக் கண்டார்கள். 2023 டிசெம்பர் 21ஆம் திகதி அமெரிக்காவில் 13 வயதுப் பொடியன் ஒருவன் 157ஆவது கட்டத்தில் மெசினையே உறைய வைத்தான். வெளிவந்து 34 வருடத்துக்குப் பிறகு மனிசர் ஒருவர் அதை அந்த எல்லைக்குக் கொண்டுபோனது அதுதான் முதல் தடவை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்கியதால் வந்த காரியம் அது.

பாதுகாக்க வேண்டியவை

இந்தச் சாமான்கள் நிரந்தரமில்லை. நின்ரெண்டோ 2003இல் பமிக்கொம் உற்பத்தியை நிறுத்தியது. கசற்றுக்குள் இருக்கும் பற்றறிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. பற்றறியை மாற்றலாம், ஆனால் மாற்றும்போது பதிந்திருந்த பெயர்கள் பொதுவாக அழிந்துவிடும். 2023இல் அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வரலாற்று நிறுவனம் ஒன்று ஆராய்ந்து, அந்நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்க முடியாதவை என்று அறிவித்தது. விளையாட்டுச் சாமான்தானே என்று விட்டால் போய்விடும். ஓலைச்சுவடியையும் வெறும் ஓலைதானே என்று அடுப்பில் வைத்தவர்கள் எங்களிலும் இருந்தார்கள்.

பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். படிப்பைக் கவனிக்கச் சொல்லுங்கோ, நேரத்துக்கு நிறுத்தச் சொல்லுங்கோ, அதில் பிழையில்லை. ஆனால் ஒரு நாளைக்காவது பக்கத்தில் இருந்து, இதை யார் செய்தது, நீ எங்கே நிற்கிறாய், முடிவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கோ. இங்கே எங்களில் பலருக்கு அரைவாசியில் நின்ற காரியம் ஏதோ ஒன்று இருக்கிறது. ஒருவருக்குப் படிப்பு, ஒருவருக்கு ஊரில் அத்திவாரத்தோடு நின்ற வீடு. ஒரு காரியத்தைத் தொடங்கி, 46 தரம் விழுந்தாலும் எழும்பி, அதன் கடைசி வரைக்கும் போவது என்ன என்பதைப் பிள்ளைகள் எந்த வழியால் பழகினாலும் அது எங்களுக்கு நன்மையே.

அடுத்த ஒன்றுகூடலுக்கு என் பழைய பெட்டியையும் ரீவியையும் மண்டபத்துக்குக் கொண்டுவர யோசித்திருக்கிறேன். சின்னவர்கள் வரலாம், பெரியவர்களும் வரலாம். ஒரு உயிருக்கு ஒரு ஆள், வரிசையில் நிற்க வேண்டும். யாருக்காவது பொக்கற்றில் பழைய கசற் கிடந்தால் கொண்டு வாருங்கோ, அதில் யாருடைய பெயர் பதிந்திருந்தாலும் அழிக்காமல்.